இரண்டு அகப்பை எலும்புத் தண்ணீர்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. கோயில்ராஜ்னுதானே பேர் சொன்னீங்க? நாசரேத்தில் இருந்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கீங்க. இந்த வருஷம் இலங்கைக்குப் போற குழுவுக்கு நீங்கதான் சமையல். அங்கே அடுப்பு எப்படி, தண்ணீர் எப்படி, பிள்ளைகள் காரம் தாங்குமா, எல்லாம் மாசிலாமணியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுங்கன்னு எங்க சர்ச்சு ஐயர் அனுப்பியிருக்கார். அனுப்புவார். என்னைக் கூட்டிக்கிட்டுப் போக மாட்டார். என்னைக் கேட்டுக்கிட்டுப் போகச் சொல்லுவார்.

இது என்ன, கறி பஃப்பா? எனக்கு வேண்டாம் தம்பி, வயிறு சரியில்லை. ரத்னபாய், இதை வாங்கி உள்ளே வை. என்ன முணுமுணுக்கிற? என் பெண்சாதிதான், அவள் கிடக்கா. நீங்க கேளுங்க.

அடுப்பு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில். மேற்கே இருந்து காற்று அடிக்கும், புகை முழுக்க முகத்துக்கு வரும். ஒரு தகரத்தைக் குறுக்கே சாய்ச்சு வைங்க. விறகு தேயிலைக் குச்சி. செடியை வெட்டிவிடும்போது கிடைக்கிறது, மிலாறுன்னு சொல்லுவாங்க. சடசடன்னு பிடிக்கும், ஆனால் நின்னு எரியாது. ஒரு ஆள் தள்ளிக்கிட்டே இருக்கணும். தண்ணீர் மலையில் இருந்து குழாய் வழியா விழும், கையை வச்சா விறைச்சுப் போகும். மேட்டுப் பூமி, அரிசி வேக நம்ம ஊரைவிடக் கூட நேரம் எடுக்கும். இதெல்லாம் எழுதிக்கிடுங்க. எனக்கு அஞ்சாம் வகுப்புக்கு மேலே படிப்பில்லை, நான் எதையும் எழுதி வச்சது கிடையாது. எல்லாம் இங்கே, மண்டைக்குள்ளேதான்.

கத்திரிக்காயா? கத்திரிக்காயைப் பற்றி யார் கேட்கச் சொன்னது? ஐயரா, இல்லை அந்த அதிசயம் பயலா? நீங்களாவா கேட்டீங்க? சரி, நீங்களாவே இருக்கட்டும். அப்போ நான் முழுக்கச் சொல்லணும். பாதியைச் சொன்னால் நீங்களும் என்னைத்தான் குற்றவாளின்னு நினைச்சுக்கிட்டுப் போவீங்க, ஊரில் எல்லாரும் நினைக்கிற மாதிரி.

உங்க ஊரிலும் அசனம் உண்டே. வருஷத்துக்கு ஒரு நாள், ஆடு அடிச்சு, கோயில் வளாகத்தில் நீளமாக் குழி வெட்டி அடுப்பு மூட்டி, ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுறது. எங்க கோயில் அசனத்துக்கு இருபத்தாறு வருஷம் நான்தான் அடுப்புத் தலைவன். நான் அகப்பையை எடுத்தால்தான் அடுப்பில் தீ. எனக்கு வலது கை அதிசயம். முழுப் பேர் அதிசயநாதன். நானும் அவனும் ஒண்ணாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, அஞ்சாம் வகுப்பில் ஒரே நாளில் நின்னோம். அவன் கறி வெட்டுவான், நான் ஆக்குவேன். அவன் வெட்டுற துண்டில் ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறுசுன்னு இருக்காது.

எங்க அசனத்தில் கறிக்குப் பேர் கிடையாது தம்பி. கத்திரிக்காய் மாங்காய்க் கூட்டுக்குத்தான் பேர். சாத்தான்குளத்தில் இருந்தெல்லாம் வருவாங்க. அதன் சூட்சுமம் எனக்கும் அதிசயத்துக்கும் மட்டும்தான் தெரியும். காலையில் முதல் வேலையா ஆட்டு எலும்பை வேகவச்சு, வெள்ளைத் துணியில் வடிகட்டி வச்சிருவேன். கூட்டு இறக்குறதுக்கு முன்னால் ரெண்டு அகப்பை அந்தத் தண்ணீர். ரெண்டே ரெண்டு. எலும்பு கிடையாது, துண்டு கிடையாது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நாக்குக்கு மட்டும் தெரியும், என்னன்னு சொல்லத் தெரியாது.

சைவப் பந்தியா? உண்டு. எங்க ஊர் இந்துக்களில் கறி தொடாதவங்களுக்குத் தனிப் பந்தி. சங்கரலிங்கம் பிள்ளைன்னு ஒரு வாத்தியார், ஓய்வு பெற்றவர், வருஷம் தவறாமல் வருவார். மூணு தரம் கூட்டு வாங்குவார். "வேதக்காரங்க கையில சைவம் இப்படி மணக்குதே மாசிலாமணி!" என்பார். நான் சிரிச்சுக்கிடுவேன். அதிசயம் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். "எலே, பாவம்லா" என்பான். "அவரு நல்லாத்தானே இருக்காரு? மூணு தரம் வாங்குதாரு. என்ன பாவம்?" என்பேன். அத்தோடு முடிஞ்சது. அடுப்படியில் நடக்கிறது அடுப்படியோடன்னு எங்களுக்குள் பேச்சு. இருபத்தஞ்சு வயசில் பேசினது. அதை அவன் நாப்பது வருஷம் காப்பாத்தினான். நாப்பது வருஷம் காப்பாத்தினவன் இன்னும் ஒரு நாள் காப்பாத்தக் கூடாதா? அதைத்தான் நான் கேட்கிறேன்.

போன வருஷம் மே மாசம். ஜோயல் ஐயர், அவர்தான் எங்க கோயில் குருவானவர், சின்ன வயசு, நல்லாப் பேசுவார், பத்து நாள் ஊழியத்துக்கு இலங்கை போறோம்னு கோயிலில் அறிவிச்சார். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு பிள்ளைகள், எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறது, கதை சொல்றது, கணக்கும் இங்கிலீசும் சொல்லிக்கொடுக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறது, மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு மாசிலாமணி அண்ணாச்சி வரணும்னு ஐயர் கூட்டத்தில் சொன்னார் பாருங்க, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. படிச்சவங்களுக்குத்தான் ஊழியம்னு நினைச்சிருந்தேன். என் கரண்டிக்கும் அதில் இடம் இருக்குன்னு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை. அறுபத்தஞ்சு வயசில் பாஸ்போர்ட்டு எடுத்தேன். எல்லாருக்கும் நீலச் சட்டை கொடுத்தாங்க, முதுகில் வசனம் போட்டது. இன்னும் வச்சிருக்கேன். போடுறதில்லை.

அதிசயத்தையும் நான்தான் சேர்த்தேன். "அவன் இல்லாம எனக்குக் கை ஓடாது ஐயரே"ன்னு சொல்லி, நான்தான் சேர்த்தேன். அதை மறந்திராதீங்க.

அங்கே போன அன்னைக்கே ஒரு பிள்ளை அடுப்படிக்கு வந்து நின்னது. சுலக்சனான்னு பேர். பதினோரு வயசு. முடியை ஒட்ட வெட்டியிருந்தது, முதலில் நான் பையன்னு நினைச்சேன்.

"ஏன் மக்களே முடியை வெட்டிட்டே?"

"சித்தி வெட்டிட்டாங்க தாத்தா. விடிய முந்தி அவங்க கொழுந்து பறிக்கப் போகணும்தானே, பின்னி விட நேரமில்லை. அம்மா வந்த பெறகு வளக்கலாம்னு சொன்னாங்க."

அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம். ரெண்டு வருஷத்தில் வரணும். வரலை. அப்பா இல்லை.

மற்றப் பிள்ளைகள் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் ஓடும். இது வகுப்பு விட்டதும் நேரே எங்கிட்ட வந்திரும். மிலாறு தள்ளும். கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கும். "உங்க ஊர்ல கடல் இருக்கா தாத்தா? கடல்ல இருந்து குவைத் தெரியுமா?" நான் அசனத்தைப் பற்றிச் சொல்லுவேன். கூட்டைப் பற்றிச் சொல்லுவேன். சாத்தான்குளத்தில் இருந்து ஆள் வர்ற கதை, வாத்தியார் மூணு தரம் வாங்குற கதை எல்லாம். "அவ்வளவு ருசியா தாத்தா?" "தின்னு பாத்துட்டுச் சொல்லு. கடைசி நாள் உங்களுக்கு அசனம் வைக்கப் போறேன்லா." இப்படியே ஒன்பது நாள். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் சென்னையில் இருக்காங்க. என் கூட்டைப் பற்றி அவங்க ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. இருபத்து மூணு பிள்ளைகள் கையில் மஞ்சக் கயிறு. காப்புக் கட்டியிருக்காங்க, கறி மீன் தொடக் கூடாது. சுலக்சனாவும் கட்டியிருந்தது. அம்மா வரணும்னு பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் லோகநாதன், அங்கே தலைமையாசிரியரை அதிபர்னுதான் சொல்லுவாங்க, மரியாதையான மனுஷன், ஐயர்கிட்ட வந்து சொன்னார்: "ஐயா, காப்புக் கட்டின பிள்ளைகளுக்கு வேற அடுப்பு, வேற பாத்திரம் வைக்க ஏலுமா? இல்லாட்டி அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுறேன்." ஐயர் எல்லாப் பெற்றோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். "எங்க பிள்ளைகளா நினைச்சுச் செய்வோம்"னு.

நானும் செஞ்சேன் தம்பி. அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. வேற அடுப்பு வச்சேன். வேற பாத்திரம் வச்சேன். அகப்பைகூட வேற. கறிச்சட்டி ஒரு மூலை, இது ஒரு மூலை. சோறு, பருப்பு, ரசம், கூட்டு. எல்லாம் சுத்தம்.

ஆனால் அந்தக் கத்திரிக்காய்! மழைக் கத்திரிக்காய், பூராவும் தண்ணீர். மாங்காயில் புளிப்பே இல்லை. கொதிச்சது, நாக்கில் வச்சேன். சப்புன்னு இருந்தது. ஈரத்துணியைச் சப்பின மாதிரி. உப்பு போட்டேன். ரெண்டு மிளகாய் கிள்ளிப் போட்டேன். எழும்பவே இல்லை. எட்டிப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளை பந்தியில் முதல் ஆளா உட்கார்ந்து இலையைத் துடைச்சு வச்சுக்கிட்டு என்னையே பார்க்குது. ஒன்பது நாள் பெருமை அடிச்சிருக்கேன். அந்தக் கூட்டை எப்படி அதன் இலையில் வைக்கிறது? நீங்களும் சமையல்காரர்தானே, சொல்லுங்க. உங்களுக்கு மனசு வருமா?

கறிக்கு வேகவச்ச எலும்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தது. ரெண்டு அகப்பை எடுத்து ஊற்றினேன்.

அதிசயம் பார்த்துட்டான். வெட்டுக்கத்தியைக் கழுவிக்கிட்டு இருந்தவன், கத்தியைக் கீழே வச்சுட்டு வந்தான்.

"எலே மாசிலா, அது காப்புக் கட்டின பிள்ளைகளுக்கு உள்ளதுலா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஊத்துத?"

"வாயை மூடிக்கிட்டுப் போவே. ரெண்டு அகப்பை. யாருக்குத் தெரியப் போவுது?"

"கீழ கொட்டிட்டு வேற வையி. பருப்பு இருக்கு, ரசம் இருக்கு. கூட்டு இல்லைன்னா செத்தா போவாங்க?"

"நீ வேணும்னா கொட்டுவே, பாப்போம்"னேன். அவன் கொட்டலை. நின்னான், போயிட்டான். அப்போ கொட்டியிருக்கலாம்லா? எனக்குப் பலமா இருக்கு அவனைத் தடுக்க? அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். கொட்டாமல் விட்டுட்டு மறுநாள் போய்ச் சொல்லுறான். இது எந்த நியாயத்தில் சேர்த்தி?

பிள்ளைகள் தின்ன தின்னு இருக்கே! கறிப் பந்தியில் இருந்த பிள்ளைகள்கூட இந்தப் பக்கம் வந்து கூட்டு கேட்டாங்க. சுலக்சனா முதல் வாய் வச்சதும் நிறுத்திட்டு, என்னைப் பார்த்து, "தாத்தா, இதுல மச்சம் மாமிசம் ஒண்ணும் இல்லைதானே?"ன்னு கேட்டது. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டது. அவ்வளவு ருசியாம், அதனால் கேட்டது. "சாப்பிடு மக்களே, எல்லாம் மாங்காய்தான்"னேன். மூணு தரம் வாங்கித் தின்னது. கையை நக்கிக்கிட்டே சொன்னது: "அம்மா வார அன்னைக்கு நீங்கதான் வந்து இதை ஆக்கணும் தாத்தா. சத்தியமா வருவீங்களா?" சத்தியம் பண்ணக் கூடாதுன்னு நம்ம வேதத்தில் இருக்கு. இருந்தாலும் அதன் கையில் அடிச்சுச் சொன்னேன், வருவேன்னு. மஞ்சக் கயிறு என் கையில் பட்டது.

அன்னைக்கு அதிசயம் சாப்பிடலை. என்னோடு பேசவும் இல்லை. சரியாகிருவான்னு இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் நான் பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவிழ்த்துக்கிட்டு இருக்கேன். அதிபர் அறையில் ஐயர் இருக்கார், அதிபர் இருக்கார், நடுவில் இவன் நிற்கிறான். ஜன்னல் வழியாத் தெரியுது. தொப்பியைக் கையில் பிடிச்சுக்கிட்டு, கோர்ட்டில் நிற்கிற மாதிரி. எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு. உள்ளே போனேன்.

"என்னவே சொன்ன?"

அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான், அவங்களைப் பார்த்து இல்லை. "நாளைக்கு அந்தப் பிள்ளை தலையில பால்குடம் ஏறும் மாசிலா. நம்ம சாமி இல்லைன்னாலும் அதுக்கு அது சாமிதானே? தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கது?"

ஐயர் தலையில் கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அதிபர் ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லலை. "நான் பெற்றோர்கிட்ட என்னங்க சொல்றது?"ன்னு மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

பூசாரி வந்தார், பெற்றோர் வந்தாங்க. கொஞ்சம் கூச்சல்தான். நியாயமா நாலு பேர் என்னை அடிச்சிருக்கணும், அடிக்கலை. பூசாரி நல்ல மனுஷன். "பிள்ளைக தெரியாம சாப்பிட்டது. தோஷமில்லை. மஞ்சத் தண்ணி ஊத்திட்டு வாங்க, திரும்பக் கட்டி விடுறேன்"னார். பார்த்தீங்களா? அவங்க பூசாரியே தோஷமில்லைன்னு சொல்லிட்டார். அப்புறம் நான் என்ன பெரிய தப்புச் செஞ்சிட்டேன்? இருபத்திரண்டு பிள்ளைகள் குளிச்சுட்டு வந்து திரும்பக் கட்டிக்கிட்டாங்க.

சுலக்சனா ஒண்ணு மட்டும் மாட்டேன்னுட்டது. சித்தி கெஞ்சுறா, அதிபர் சொல்றார், பூசாரி கூப்பிடுறார். "அவங்க எல்லாம் தெரியாம சாப்பிட்டாங்க. எனக்கு ருசியா இருந்துச்சு. நான் மூணு தரம் கேட்டு வாங்கினேன்"னு சொல்லுது. அழக்கூட இல்லை. கயிற்றைப் பல்லால் கடிச்சு அறுத்து, அடுப்படிக்கு வந்து, அணைஞ்சு கிடந்த அடுப்பில் போட்டது. நான் அங்கேதான் நிற்கிறேன். அதிசயமும் நிற்கிறான், பின்னாலேயே வந்திருந்தான்.

"தாத்தா, நீங்க தெரியாமதானே ஊத்தினீங்க? சட்டி மாறிப் போச்சுதானே?"

நான் என்ன சொல்லணும்ங்கிறீங்க? பதினோரு வயசுப் பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிற்குது. "ஆமா மக்களே. சட்டி மாறிப் போச்சு"ன்னேன்.

அதிசயம் என்னைப் பார்த்தான். அதிபர்கிட்டயும் ஐயர்கிட்டயும் சொல்லத் தெரிஞ்சவன் அந்த இடத்தில் வாயைத் திறக்கலை. அந்தப் பிள்ளையும் போயிட்டது, இவன் என்னைப் பார்த்துக்கிட்டே நின்னான். காட்டிக்கொடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னிச்சாலும் மன்னிப்பேன். அந்தப் பார்வையை மன்னிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்க வேனில் இறங்கி வரும்போது பால்குடம் ஏறுது. மேளம் கேட்குது. இருபத்திரண்டு பிள்ளைகள் மஞ்ச உடுப்பில் வரிசையாப் போகுதுங்க. சுலக்சனாவைத் தேடினேன், காணலை. பொம்பளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சடை இருந்தது.

ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு கோயிலில் அறிக்கை. ஐயர் படம் போட்டுக் காட்டுறார். பிள்ளைகள் பாடுறது, வெள்ளையடிக்கிறது, எல்லாம் வந்தது. அடுப்படி ஒரு படத்தில்கூட இல்லை. கடைசியில், "நம் குழுவில் ஒருவரால் நடந்த ஒரு தவறுக்காக அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டோம்"னார். பேர் சொல்லலை. சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கோயிலே திரும்பிப் பார்த்தது. சங்கரலிங்கம் பிள்ளை காதுக்கும் எப்படியோ போயிட்டது. இப்போ தெருவில் கண்டால் குடையை இந்தப் பக்கம் சாய்ச்சுக்கிட்டுப் போறார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடை மட்டும் சாயுது.

அப்புறம் கமிட்டிக்காரங்க வந்து, "அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்க ஓய்வா இருங்க"ன்னாங்க. அகப்பையை அதிசயத்துக்குக் கொடுத்துட்டாங்க. அவன் ரெண்டு தரம் மாட்டேன்னானாம். காண்ட்ராக்டுக்கு வெளியூர் ஆளை விடப் போறோம்னதும் சரின்னானாம். எல்லாம் நடிப்பு. எனக்குத் தெரியும் அவனை.

செப்டம்பரில் அசனம். நான் போகலை. இதே இடத்தில் உட்கார்ந்திருக்கேன். புகை இங்கே வரைக்கும் வருது. என்ன கட்டத்தில் இருக்குன்னு வாசனையிலேயே சொல்லிருவேன். மத்தியானம் யாரோ படியேறி வர்ற சத்தம். கேரியரைக் கீழே வைக்கிற சத்தம். "மாசிலா"ன்னு ஒரே ஒரு தரம் கூப்பிட்டான். நான் அசையலை. போயிட்டான்.

ரத்னபாய் எடுத்துட்டு வந்தாள். நாலு அடுக்கு. முதல் அடுக்கு சோறு. ரெண்டாவது ரசம். மூணாவது கூட்டு. நாலாவது பாயாசம். கறி இல்லை. தம்பி, அசன நாளில், இருபத்தாறு வருஷம் கறி ஆக்கினவன் வீட்டுக்கு, கறி இல்லாத கேரியர்! எனக்கு வந்த கோபத்தில் தூக்கி முற்றத்தில் வீசப் போனேன். இவள் கையைப் பிடிச்சாள். "ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு வீசுங்க"ன்னாள்.

விரலால் தொட்டு வச்சேன். எலும்புத் தண்ணீர் இல்லை.

எனக்குத் தெரியாதா? ஒரு துளி விழுந்திருந்தாலும் தெரியும். அவன் ஊற்றலை. எனக்குத் தனியா எடுத்து வச்சானா, மொத்தச் சட்டிக்குமே ஊற்றலையான்னு அன்னைக்குத் தெரியாது. அப்புறம் கேள்விப்பட்டேன், இப்போ அவன் எதிலுமே ஊற்றுறதில்லையாம். ருசி கொஞ்சம் மட்டுதான்னு ஊரில் சொல்றாங்க. சொல்லட்டும். கறி அடுக்கு மட்டும் எனக்காகத்தான் வைக்கலை. அவனுக்கு எப்படித் தெரியும்? நான் கறி தின்னுறதில்லைன்னு இந்த வீட்டுக்குள்ள இருக்கிற ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. இவள்தான் போய்ச் சொல்லியிருக்காள். அவன் பெண்சாதி காதில் ஓதியிருக்காள். பாருங்க, அவன் என் அடுப்படியை வெளியே சொன்னான், இவள் என் சாப்பாட்டை அவனுக்குச் சொன்னாள். மனுஷனுக்கு ஒரு இடத்தில் நம்பிக்கை வேண்டாமா?

தின்னேன். முழுக்கத் தின்னேன். சோற்றை வீணாக்கக் கூடாதுல்லா.

நேர்ச்சையா? என்ன தம்பி பேசுறீங்க? நான் ஞானஸ்நானம் எடுத்தவன், திடப்படுத்தல் வாங்கினவன். மாரியம்மனுக்கு நான் ஏன் நேரப் போறேன்? வயிறு. அந்த மலைத் தண்ணீர் குடிச்சதில் இருந்து வயிறு கறியை ஏற்க மாட்டேங்குது. டாக்டர் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும்? ரத்னபாய், நீ சும்மா இரு. அவள் என்னவோ நாள் எண்ணி வச்சிருக்காள், நான் எண்ணலை.

கார்த்திகையில் அதிபர் அதிசயத்துக்குப் போன் பண்ணினாராம். அந்தப் பிள்ளையோட அம்மா இன்னும் வரலை, அங்கே முதலாளி அனுப்ப மாட்டேங்கிறான்னு. தான் பால்குடம் எடுக்காததாலதான்னு அந்தப் பிள்ளை சொல்லிக்கிட்டு இருக்காம். இதை அதிசயம் இவள்கிட்ட சொல்லி, இவள் எங்கிட்டச் சொன்னாள். குவைத்துக்காரன் அனுப்பலைன்னா அதற்குக் கத்திரிக்காய் என்ன செய்யும்? நீங்களே சொல்லுங்க. ஒரு நியாயம் வேண்டாமா? கத்திரிக்காய் என்ன செய்யும்?

ஐயர்கிட்டப் போனேன், போன மாசம். நானாப் போனேன். "இந்தத் தரமும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. அடுப்புப் பக்கம் போக மாட்டேன், விறகு தள்ளுறேன், பாத்திரம் தேய்க்கிறேன். அந்தப் பிள்ளைகிட்ட வர்றேன்னு சொல்லியிருக்கேன்"னேன். "அண்ணாச்சி, அந்தப் பெற்றோர் என்ன நினைப்பாங்க?"ன்னார். அவ்வளவுதான். அதிசயத்தையாவது போகச் சொன்னாராம், அவனும் மாட்டேன்னுட்டான். "மாசிலா போகாம நான் மட்டும் எந்த மூஞ்சியோட போறது?"ன்னானாம். எதற்கு இந்த வேஷம்? யார் கேட்டா?

நேரமாச்சு, உங்களுக்குப் பஸ் போயிரும். எழுதிக்கிடுங்க. அங்கே கத்திரிக்காயை உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பிழிஞ்சு எடுங்க, தண்ணீர் கொஞ்சம் இறங்கும். மாங்காய்க்குப் பதிலா அம்பரெல்லான்னு ஒரு காய் கிடைக்கும், அது நல்ல புளிப்பு. அப்படியும் சப்புன்னுதான் இருக்கும். இருந்தால் இருக்கட்டும். அப்படியே வைங்க. கேட்டீங்களா? அப்படியே வைங்க.

இன்னும் ஒரே ஒரு காரியம். சுலக்சனான்னு கேட்டுக்கிட்டுத் திரியாதீங்க. நான் அனுப்பினேன்னும் சொல்லாதீங்க. அம்மா வந்தாளான்னு வாயைத் திறந்து கேட்கவே கேட்காதீங்க, அதன் முகம் மாறிரும். அதுவே அடுப்படிக்கு வந்து நிற்கும். முடியை மட்டும் பாருங்க. ஒட்ட வெட்டியிருந்தால் ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குப் போனும் பண்ண வேண்டாம். கொஞ்சமாவது வளர்ந்திருந்தால், ஒரு சின்னச் சடை, ஒரு ரிப்பன், என்னவாவது இருந்தால், உடனே போன் போடுங்க. எந்த நேரமானாலும் போடுங்க.

அன்னைக்கு என் வயிறும் சரியாப் போயிரும்னு நினைக்கிறேன்.